நாற்பது படங்களும் ஒரு தக்காளிப் பெட்டியும்

மொரப்பூருக்கு நான் கிளம்பியதற்குக் காரணம் ஒரு ஊறுகாய்.

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருந்தேன் என்பதே சரி. இப்போது இயந்திரம் ஒரு நிமிடத்தில் முப்பது வாசகம் தந்துவிடுகிறது. நாங்கள் பொறுக்கி, ஒற்றுப்பிழை நீக்கி அனுப்புகிறோம். நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் மாங்காய் ஊறுகாய்க்கான வாசகங்கள் கூட்ட அறைத் திரையில் வரிசையாக ஓடின. "இதுல உன்னோடது எது?" என்று மேலாளர் கேட்டார். நான் தயங்காமல் ஒன்றைக் காட்டினேன். அது இயந்திரம் எழுதியது. நான் எழுதிய இரண்டும் முதல் சுற்றிலேயே கழிக்கப்பட்டிருந்தன. கழித்ததும் நான்தான். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அசதி.

அன்றைக்குப் பேருந்தில் நின்றபடியேதான் அந்த யோசனை வந்தது. படைப்பாளி என்பவர் எப்படிப்பட்ட ஆள்? அந்தக் குணமெல்லாம் என்னிடம் இருந்து போய்விட்டதா, இல்லை எப்போதுமே இருந்ததில்லையா? இணையத்தில் நாலு இடத்தில் பொறுக்கி முப்பது கேள்விகள் தயாரித்தேன். தனிமை பிடிக்குமா? ஒரு வேலை முடியும் முன் இன்னொன்றைத் தொடங்குவீர்களா? விதிகளை மீறத் தோன்றுமா? ஆம் என்றால் ஒரு மதிப்பெண். நாற்பது பிரதி எடுத்தேன். யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

"எங்க அக்காகிட்ட கேளு" என்றாள் ஹாஸ்டல் அறைத்தோழி ஜோஸ்பின். "இந்த வருசம் எங்க தெருக் குடிலு அவதான் போடுறா. ஒரு எச்சரிக்கை. அவ பேச மாட்டா. பேசுனா நீ அழுவ."

ஊர்ப் பெயரை எழுத மாட்டேன் என்று பின்னால் வாக்குக் கொடுக்க வேண்டி வந்தது. மொரப்பூரில் ரயில் இறங்கி, பேருந்தில் உள்ளே போக வேண்டிய ஊர், அவ்வளவு போதும்.

முதல் நாள் பற்றிச் சொல்ல உடம்புவலிதான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் கூட்டம். ரயிலில் நான் ஊன்றியிருந்த கால்களில் ஒன்று என்னுடையது, இன்னொன்று யாருடையதோ. மொரப்பூரில் ஏறிய பேருந்து பாதி வழியில் ஒரு தையல் கடை முன்னால் நின்றது. ஓட்டுநர் இறங்கி, மகளின் கவுனை வாங்கி, கை வைத்த இடம் சரியில்லை என்று தைத்தவருடன் சண்டை போட்டு, நிதானமாக வந்து ஏறினார். சென்னையாக இருந்தால் நடத்துநர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே பேருந்தே எட்டிப் பார்த்து, "ரோஸ் கலரு நல்லாத்தானுங்க இருக்குது" என்றது.

பக்கத்து இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று முன்னால் இருந்த பெரியவரைக் கேட்டேன். "தூங்கித் தூங்கி விழுவுறியாம். இந்தப் பக்கம் விழுந்தா தாங்கிக்கலாம், அந்தப் பக்கம் முட்டைத் தட்டு இருக்குதுன்றாங்க" என்றார். உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்துகொண்டேன்.

ஸ்டெல்லா அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் வேலை. அதிலும் காலர் மட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை காலர். வீட்டில் மாமனார், இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் லாரி ஓட்டப் போயிருந்தார். சாப்பாட்டுக்கு ராகிக் களியும் கீரைக் கடைசலும். நான் களியை மென்று மென்று தாடை வலித்து நின்றேன்.

"அதை மெல்லக் கூடாதும்மா. முழுங்கணும்."

அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் கம்பெனி முடிந்து வந்ததும் குடிலைக் காட்டக் கூட்டிப்போனார். குடில் என்றால் ஏசு பிறந்த மாட்டுக் கொட்டகையைப் பொம்மைகளோடு அமைப்பது. இந்த ஊரில் அது போட்டி. அக்காவின் டேங்க் தெருவுக்கும் பள்ளிக்கூடத் தெருவுக்கும் எத்தனையோ வருடமாக நடக்கிறது. இரண்டும் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும். இருபத்துநாலாம் தேதி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை எதிர்த் தெருக்காரர்கள் அந்தப் பக்கம் நடந்தால்கூட, "என்னா மச்சான், வழி தவறிட்டியா?" என்று குரல் வரும்.

டேங்க் தெருவில் இதுவரை சேவியர் மாமாவும் அவர் குழுவும்தான் செய்துவந்தார்கள். தொடர்ந்து தோற்றதில், ஸ்டெல்லா அக்கா தெருக் கூட்டத்தில் எழுந்து, "ஒருவாட்டி நான் போடுறேன்" என்று சொல்லியிருக்கிறார். சேவியர் மாமா போட்ட நிபந்தனை: "போடட்டும். தோத்தா இனிமே குடிலு விசயத்துல எந்தப் பொம்பளையும் வாயத் தொறக்கக் கூடாது." கூட்டம் சரி என்றிருக்கிறது.

தார்ப்பாய்க்குள் மலை இல்லை, வைக்கோல் இல்லை. மொரப்பூர் ரயில் நிலைய நடைமேடை இருந்தது. சிமெண்டு பெஞ்சு, மஞ்சள் பெயர்ப்பலகை, ஒரு கடிகாரம், ரெக்சின் பையை அணைத்துப் படுத்திருக்கும் இரண்டு பேர். திருப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர் திரும்பும் யாரும் அப்படித்தான் படுப்பார்கள். நடுவில் மண்டியிலிருந்து வாங்கிய தக்காளிப் பெட்டி, நீலப் பிளாஸ்டிக். குழந்தைக்கான தொட்டில் அது. பெட்டி காலியாக இருந்தது. குழந்தைச் சிலையை ஃபாதர் ராத்திரிப் பூசையில்தான் கொண்டுவந்து வைப்பார். அதுவரை எல்லாக் குடிலிலும் தொட்டில் காலிதான்.

எனக்குப் புல்லரித்தது. உடனே கேள்வித்தாளை எடுத்தேன்.

"தனிமை பிடிக்குமா அக்கா?"

"எங்க வூட்ல தனியா இருக்க எடம் எங்க இருக்குது? கக்கூஸ்ல போயி இருந்தாலும் சின்னவ கதவத் தட்டுவா."

"ஒரு வேலை முடியறதுக்குள்ள இன்னொண்ணு ஆரம்பிப்பீங்களா?"

"சூப்பர்வைசர் வுடமாட்டாரு."

"கனவு காண்பீங்களா?"

"தூக்கம் வந்தா பாக்கலாம்."

முப்பதுக்கு நாலு மதிப்பெண். தாளை மடித்து வைத்துவிட்டு வேறு விதமாகக் கேட்டேன்: "இது எப்படி அக்கா தோணுச்சு? போன்ல பாத்தீங்களா?"

அவர் போனை எடுத்து நீட்டினார். குடில் படம் வரைந்து கொடு என்று ஒரு செயலியிடம் நாற்பது முறை கேட்டிருந்தார். நாற்பதும் கண்ணைப் பறித்தன. பனி, பொன்னொளி, நட்சத்திரம், மென்மையான முகங்கள்.

"எல்லாமே நல்லா இருக்குது, பாத்தியா? எதிர்த் தெருவுல கேட்டாலும் இதேதான் குடுக்கும். அதான் நாப்பதையும் பாத்துட்டு, இதுல எது இல்லையோ அதைப் போடலாம்னு..." கொட்டாவி வந்துவிட்டது. "கேட்டா நல்லதுதான். மத்தவங்க என்னா பண்ணுவாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிடுது."

எங்கள் அலுவலகத்தில் முப்பதைக் கேட்டு அதில் ஒன்றைப் பொறுக்குகிறோம். இவர் நாற்பதைக் கேட்டு நாற்பதையும் தள்ளுகிறார். இதைப் போய் என் முப்பது கேள்வியில் எங்கே எழுதுவது?

படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். "எடுத்துக்கோ. ஆனா இருபத்தி நாலு வரைக்கும் உன் போனை வுட்டு வெளிய போவக் கூடாது" என்றார். சத்தியம் செய்தேன்.

மூன்றாம் நாள் தருமபுரிக்குப் போனேன். ஒருவரிடம் கேட்டால் போதாது, ஒப்பிட இன்னொருவர் வேண்டும் என்ற படிப்பாளிப் புத்தி. போகும்போதே பேருந்து பஞ்சர். இறங்கி வெயிலில் நின்றோம். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, சளியும் சேர்ந்துகொண்டது. சாலையோரக் கடையில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் வைத்துத் தருவார்கள். வாயில் போட்டதும் மூக்கு திறந்துகொண்டது. ஆறு நாள் மாத்திரை போட்டாலும் நடக்காத வேலை.

அதே கடையில்தான் அருள் அறிமுகமானார். இருபத்தெட்டு வயது, சிவந்த கண்கள். தருமபுரியில் ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைப்பாளர். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

முப்பது கேள்விக்கும் உற்சாகமாகப் பதில் சொன்னார். தனிமை பிடிக்கும். விதி பிடிக்காது. பாதியில் விட்ட வேலைகள் வீடு முழுக்க. கனவு நிறைய. இருபத்தேழு மதிப்பெண்! நான் தேடி வந்த ஆள் கையில் தட்டுவடையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆனா என்னா பிரயோசனம்?" என்றார். "முன்னெல்லாம் காது குத்துன்னா வந்து, 'அண்ணா, நீ பாத்து எதாவது போடு'ம்பாங்க. இப்ப போன்லயே படம் பண்ணி எடுத்தாந்துடுறாங்க. பாப்பா யானை மேல ஒக்காந்திருக்குது, பின்னாடி அருவி, மேல மயிலு. 'பேரை மட்டும் போட்டுக் குடுண்ணா.' நேத்து பூராவும் பேரு போட்டேன். எழுத்துப் பிழை பாக்குறதுதான் என் வேலைன்னு ஆயிடுச்சு."

என் கதையை அவர் சொல்வது போல இருந்தது. அந்த நெருக்கத்தில், அந்த வெயிலில், நான் வாய் தவறினேன். வாய்கூட இல்லை, கை. "உங்களுக்கு ஒண்ணு காட்டறேன், போன்ல இருந்து வராத யோசனை எப்படி இருக்கும்னு பாருங்க" என்று படத்தைத் திறந்தேன். போன் என் கையை விட்டு வெளியே போகவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றியதாகவே நினைத்தேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "யாரு பண்ணது?" என்றார்.

"ஒரு அக்கா. ஊர் பேர் சொல்ல மாட்டேன்."

"வேணாம், சொல்லாதீங்க" என்று எழுந்துவிட்டார். என் தட்டுவடைக்கும் அவரே காசு கொடுத்தார்.

நான்காம் நாள், இருபத்துமூன்று. காலையில் களியை விழுங்கக் கற்றுக்கொண்ட பெருமையில் இருந்தேன். வாசலில் சின்னவள் கத்தினாள்: "அம்மா, பள்ளிக்கூடத் தெருவுல ரயிலு எறங்குது!"

ஓடிப்போய் முனையில் நின்று பார்த்தோம். மினி லாரியிலிருந்து தெர்மாகோலில் செய்த நீல ரயில் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சன்னல், கம்பி, கதவு என எல்லாம் அச்சு அசலாக இருந்தது. சக்கரத்தில் மோட்டார். ஃப்ளெக்ஸில் அச்சடித்த மஞ்சள் பெயர்ப்பலகை. அவற்றை இறக்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தவர் அருள்.

ஸ்டெல்லா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நானே சொல்லிவிட்டேன். "நேத்து அவர்கிட்ட படத்தைக் காட்டிட்டேன். அவர் யாருன்னு எனக்குத் தெரியாது அக்கா."

"எங்க அத்தை மவன். பள்ளிக்கூடத் தெரு" என்றார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அழுவேன் என்று ஜோஸ்பின் சொன்னது நடக்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குத் திரும்பி, மீதிக் களியைச் சாப்பிட்டு, கை கழுவி, கம்பெனிக்குப் போனார். மதியமே அனுமதி கேட்டுத் திரும்பி வந்தார். வரும்போதே முடிவோடுதான் வந்தார். தார்ப்பாய்க்குள் நுழைந்து பெயர்ப்பலகையைக் கழற்றினார். கடிகாரத்தைக் கழற்றினார். படுத்திருந்த இரண்டு பேரையும் சாக்கில் கட்டினார்.

சேவியர் மாமா வந்து நின்றார். அறுபது வயது, மடித்துக் கட்டிய வேட்டி. "நான் அன்னிக்கே சொன்னேன். பரண் மேல பழைய மலை இருக்குது. எறக்கிக் குடுக்கவா?"

"வேணாங்க மாமா."

"பின்ன என்னா பண்ணப் போற?"

"தெரியலைங்க."

மூன்று வாரம் செய்ததைக் கால் மணி நேரத்தில் கலைத்துவிட்டார். என் பட்டியலில் பிடிவாதம் இருந்தது, கற்பனை இருந்தது. செய்ததைத் தூக்கிப் போடுகிற குணம் இல்லை. அதைவிட, தூக்கிப் போட்ட பிறகு தெரியலை என்று சொல்லிக்கொண்டு அந்த இடத்திலேயே உட்காரும் குணம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே கண் அசந்துவிட்டார். இருபது நிமிடம். விழித்ததும் எதிரே கிடந்த காலித் தக்காளிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "உன்கிட்ட அந்தக் கேள்வித்தாளு எத்தினி இருக்குது?" என்றார்.

"முப்பத்தெட்டு அக்கா."

"பின்பக்கம் காலியாத்தான் இருக்குது? எடுத்துக்க. பேனாவும் எடுத்துக்க."

வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் அவர் கேட்டது இதைத்தான்: "நாளைக்கு மொரப்பூர்ல ரயிலு எறங்கி ஒரு புள்ளத்தாச்சி நம்ம தெருவுக்கு வர்றா. வந்ததும் பிரசவம். உங்க வூட்ல இருந்து என்னா குடுப்பீங்க?"

முதல் வீட்டில் முழித்தார்கள். இரண்டாவது வீட்டில் வெந்நீர் பிளாஸ்க் வந்தது. பிறகு நிற்கவில்லை. கழுவிக் காயவைத்த பழைய பருத்திச் சேலை. வசம்பு வளையல். அரைஞாண் கயிறு. இலவம்பஞ்சுத் தலையணை. டார்ச் லைட். பட்டாளத்திலிருந்து வந்த முரட்டுக் கம்பளி. கடைசி மூன்று வீடுகள் இந்துக் குடும்பங்கள். கேட்கலாமா என்று நான் தயங்கினேன். அங்கிருந்த அம்மா முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "அவளுக்குப் பத்தியத்துக்கு என்னா குடுப்பீங்க? பூண்டு, சுக்கு யாராச்சும் வெச்சீங்களா? ஒருத்தரும் வெச்சிருக்க மாட்டீங்க" என்று திட்டிக்கொண்டே லேகியப் பாட்டிலை எடுத்து வந்தார்.

யார் வீட்டுப் பொருள் எது என்று கேள்வித்தாள்களின் முதுகில் எழுதிக் கட்டினேன். ஒரு வீட்டை மட்டும் ஸ்டெல்லா அக்கா தாண்டிப் போனார்.

"இந்த வீடு?"

"சேவியர் மாமா வூடு. வேணாம். திட்டுவாரு."

இருபத்துநாலு, நாலு மணி. வேறொரு சர்ச்சிலிருந்து வந்த ஒரு ஃபாதர், பக்கத்து ஊர்த் தலைமையாசிரியை, ஓர் ஓவிய ஆசிரியர் என மூன்று நடுவர்கள். முதலில் பள்ளிக்கூடத் தெரு. தார்ப்பாய் விலகியதும் ரயில் விசிலடித்துக்கொண்டே வந்து நின்றது. பிள்ளைகள் கத்திய கத்தலில் எனக்கே கைதட்டத் தோன்றியது. அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. எழுத வலிக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு டேங்க் தெரு. சிமெண்டு பெஞ்சு. அதன் மேலும் கீழும் சுற்றிலும் ஒரு தெருவே கொடுத்த சாமான்கள். நடுவில் பழைய சேலை விரித்த தக்காளிப் பெட்டி. பொம்மை ஒன்றுகூட இல்லை. மரியாள் இல்லை, சூசை இல்லை.

"ஆளுங்க எங்கம்மா?" என்றார் ஓவிய ஆசிரியர்.

"வந்துட்டிருக்காங்க சார்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

தலைமையாசிரியை குனிந்து பிளாஸ்க்கைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. யாரோ மதியம் வெந்நீர் மாற்றியிருக்கிறார்கள்; அக்காவுக்கே தெரியாது.

முதல் பரிசு பள்ளிக்கூடத் தெருவுக்கு. எங்களுக்கு இரண்டாம் பரிசு. இரண்டே தெரு இருக்கும் போட்டியில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சேவியர் மாமா தொண்டையைச் செருமினார். பேச்சுக்குத் தயாரானார்.

அதற்குள் அருள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "அக்கா, ரயிலு எப்படி இருந்துச்சு?" என்றார். பரிசு வாங்கிய குரலாக இல்லை.

"போர்டு ரொம்பப் புதுசா இருக்குது. கொஞ்சம் புழுதி அடி. ராத்திரி பூசைக்கு வர்றவங்க பாப்பாங்க."

அவர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க இதைப் போட்டோ எடுத்தீங்களா?"

"அவளைக் கேக்காத" என்றார் அக்கா.

அப்போதுதான் அது வெடித்தது. சேவியர் மாமாவின் மனைவி லூர்து அத்தை அதுவரை சாமான்களில் கட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். கடைசிச் சீட்டையும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெருவே குடுத்திருக்குது. எங்க வூட்டு டம்ளரு ஒண்ணுகூட இல்லை."

சீட்டை விட்டுவிட்டு நேராக அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"ஏண்டி ஸ்டெல்லா, புள்ளத்தாச்சி எங்க வாசலைத் தாண்டித்தான போயிருப்பா? நாங்க கதவைச் சாத்திக்கிட்டோம்னு ஊரு சொல்லணுமா? பைபிள்ல மரியாளுக்கு எடமில்லைன்னு சொன்ன சத்திரக்காரன் நாங்கதானா?"

"இல்லைங்க அத்தை, மாமா திட்டுவாருன்னு..."

"அவரு கெடக்குறாரு!" அத்தை மாமாவின் பக்கம் திரும்பினார். "உங்களாலதான். உங்க மூஞ்சிக்குப் பயந்துதான் இவ நம்ம வூட்டுக்கு வரலை. அடுத்த வருசமும் இவதான் குடிலு போடுறா. எங்க வூட்டுப் பித்தளை அண்டா முன்னாடி நிக்குது. இதுல மாத்துப் பேச்சு கெடையாது."

"கூட்டத்துல பேசுனது..." என்று ஆரம்பித்தார் மாமா.

"கூட்டத்துல நான் இருந்தனா?"

தெருப் பெண்கள் சிரித்த சிரிப்பில் மாமாவின் பேச்சு முடிந்துபோனது. அவர் வேட்டியை இறக்கிவிட்டு, "சரி, போடட்டும். நான் என்னாத்த வேணாம்னேன்" என்று டீக்கடைப் பக்கம் நடந்தார்.

இரவுப் பூசைக்கு நான் எழவில்லை. ஜோஸ்பின் ஊருக்கு வந்ததும் உலுக்கினாளாம். பட்டாளக் கம்பளியைப் போல் கிடந்தேனாம்.

கிறிஸ்துமஸ் மதியம் கிளம்பும்போது குடில் பக்கம் போனேன். குழந்தைச் சிலை தக்காளிப் பெட்டியில் படுத்திருந்தது. தலையணை இல்லை, யார் வீட்டிலோ விருந்தாளி வந்து திரும்ப எடுத்துப் போய்விட்டார்கள். ஸ்டெல்லா அக்கா பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்து அச்சு முறுக்கு தின்றுகொண்டிருந்தார். நாளைக்கு மறுபடி காலர்.

"அடுத்த வருசம் இதையே இன்னும் பெருசா போடுவீங்களா அக்கா? அண்டாவோட?"

"செஞ்சதையே யாரு செய்வா?" என்றார் சலிப்பாக. "அண்டாவை என்னா பண்றதுன்னுதான் தெரியலை. அது ரொம்பப் பெருசு."

அந்த 'தெரியலை'யை அவர் சொன்னபோது முகத்தில் இருந்த அசதி கொஞ்சம் விலகியது போல எனக்குத் தோன்றியது. அசதியில் எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

ரயிலில் இந்த முறை இரண்டு கால்களும் என்னுடையவை. ஜோலார்பேட்டை தாண்டியதும் போனில் அக்காவிடமிருந்து ஒரு செய்தி: "அடுத்த வருசம் வா. போனை ஜோஸ்கிட்ட குடுத்துட்டு வா."

கேள்வித்தாளில் ஒன்று மிச்சம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் இதை எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அந்த ஊறுகாய் திரும்ப வருகிறது. வாடிக்கையாளருக்கு எதுவும் பிடிக்கவில்லையாம். இயந்திரத்திடம் நாற்பது கேட்கப் போகிறேன். நாற்பதையும் கடைசிவரை படித்துவிட்டு ஓரமாக வைப்பேன். அப்புறம் தெரியலை என்று சொல்லிக்கொண்டு, வெறும் பாட்டிலை மேசை மேல் வைத்துவிட்டு, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று பார்க்க வேண்டும்.